பவர் சப்ளையின் வோல்டேஜைக் கணினியிலிருந்து மாற்றுவது: ஒரு வரி நிரல் போதுமா?

வாசகர் கேள்வி, ஜனவரி 9

என்னிடம் எல்எம்2596 சிப் உள்ள, வோல்டேஜைக் குறைத்துத் தரும் சிறிய கன்வர்ட்டர் போர்டு ஒன்று இருக்கிறது. அதன் நீல நிற டிரிம்பாட்டை (திருகி ஓம் அளவை மாற்றும் சிறு ரெசிஸ்டரை) ஸ்க்ரூடிரைவரால் திருகித்தான் வோல்டேஜை மாற்றுகிறேன், நாளைக்கு நாற்பது தடவை. டிரிம்பாட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில், கட்டளை கொடுத்தால் ஓம் அளவு மாறும் டிஜிட்டல் பொட்டென்ஷியோமீட்டரை வைத்து, ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டு போர்டு வழியாகக் கணினியிலிருந்து இயக்கினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறேன். மென்பொருள் பக்கம் ஒரே வரிதான். எதையாவது கவனிக்கத் தவறுகிறேனா?

ஜனவரி 9, இரவு 10.40

தவறுகிறீர்கள். டிரிம்பாட்டின் ஒரு முனை நேராக அவுட்புட்டோடு இணைந்திருக்கிறது. அவுட்புட்டில் 12 வோல்ட் இருந்தால் அந்த முனையிலும் 12 வோல்ட். 5 வோல்ட்டில் இயங்கும் சாதாரண டிஜிட்டல் பொட்டென்ஷியோமீட்டரின் கால்கள் அவ்வளவு வோல்டேஜைத் தாங்காது. உள்ளே இருப்பவை ரெசிஸ்டர்களும் நுண்ணிய சிமாஸ் சுவிட்சுகளும்தான். உராய்ந்து நகரும் குமிழ் அல்ல. வைத்துப் பாருங்கள், முதல் நொடியிலேயே விடை கிடைத்துவிடும்.

ஜனவரி 9, இரவு 11.25

படுக்கப் போன பிறகு தோன்றியது. மேலே சொன்னது பாதி பதில்தான். பொட்டென்ஷியோமீட்டரை மேல் பக்கம் வைக்காமல், சிப் அவுட்புட்டைக் கண்காணிக்கும் ஃபீட்பேக் பின்னுக்கும் (காலுக்கும்) தரைக்கும் (கிரவுண்டுக்கும்) நடுவே கீழ்ப் பக்கம் வைத்தால் அதன் மேல் எப்போதும் 1.23 வோல்ட்தான் இருக்கும், ஏனென்றால் அந்தச் சிப் ஃபீட்பேக் பின்னை அந்த அளவிலேயே நிறுத்திவைக்கிறது. எரியாது.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மேலே 10 கிலோஓம் நிலையான ரெசிஸ்டர், கீழே எக்ஸ்9சி103 என்ற டிஜிட்டல் பொட்டென்ஷியோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், அதுவும் 10 கிலோஓம், 100 படிகள். முழு 10 கிலோஓமில் அவுட்புட் 2.46 வோல்ட். ஒரு படி குறைத்தால் 2.47. நன்றாகத்தான் இருக்கிறது. கீழே 1 கிலோஓம் இருக்கும்போது 13.5 வோல்ட், அங்கிருந்து அதே ஒரு படி குறைத்தால் 14.9! ஒரு முனையில் எறும்பு நடை, மறுமுனையில் தவளைப் பாய்ச்சல். இன்னும் குறைத்து ஓம் பூஜ்ஜியத்தை நெருங்கினால் உள்ளே வரும் வோல்டேஜ் கிட்டத்தட்ட அப்படியே வெளியே வந்துவிடும். நிரலில் ஒரு கழித்தல் குறி இடம் மாறினால் போதும்.

ஜனவரி 10

காலையில் மறுபடி வாசித்தேன். வழி சொல்லாமல் பயமுறுத்திவிட்டுப் போயிருக்கிறேன்.

நான் சில வருடங்களுக்கு முன் செய்தது இது. டிரிம்பாட் இருந்த இடத்தில் 10 கிலோஓம், கீழே 2.2 கிலோஓம். ஆர்டுயினோவின் பிடபிள்யூஎம் பின்னை (வேகமாக ஆன்-ஆஃப் ஆகி, சராசரியால் வோல்டேஜ் தரும் காலை) 1 கிலோஓமும் 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் கொண்ட ஃபில்டர் வழியாக எடுத்து, அங்கிருந்து 8.2 கிலோஓம் வழியாக ஃபீட்பேக் பின்னில் சேர்த்தேன். ஆர்டுயினோவின் பின்னில் வோல்டேஜ் ஏறினால் அவுட்புட் இறங்கும், அங்கே இறங்கினால் அவுட்புட் ஏறும். மொத்த வரம்பு 2.2 முதல் 8.3 வோல்ட் வரை. கோட்டின் சாய்வு எங்கும் ஒன்றே, தவளைப் பாய்ச்சல் இல்லை. மொத்தம் நான்கைந்து பாகங்கள்தான். மென்பொருளும் நீங்கள் சொன்னதுபோல ஒரே வரிதான்.

அந்த ஒரு வரி எனக்கு இரண்டு சென்சார் போர்டுகளைத் தின்றது. இரவு எழுதுகிறேன்.

ஜனவரி 10, இரவு

சென்சார் 3.3 வோல்ட்டில் வேலை செய்வது. சப்ளையை 3.3இல் வைத்து, மல்டிமீட்டரில் பார்த்து உறுதி செய்துகொண்டு, சென்சாரை இணைத்தேன். பதிவு எடுப்பதற்காக எழுதிய சிறு நிரலைக் கணினியில் ஓட்டினேன். மல்டிமீட்டர் ஒரு கணம் 6.8 என்று காட்டிவிட்டு 3.3க்குத் திரும்பியது. சென்சார் பேசவில்லை. மீட்டரின் வயர் சரியாகப் பதியவில்லை போலும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, சென்சார்தான் பழுது என்று முடிவு கட்டி, இன்னொன்றை எடுத்துச் செருகினேன். நிரலை மறுபடி ஓட்டினேன். மறுபடி 6.8.

இரண்டாவது தடவைதான் உட்கார்ந்து யோசித்தேன். ஆர்டுயினோ ஊனோவில், கணினி சீரியல் போர்ட்டைத் திறக்கும்போது டிடிஆர் என்ற கம்பி இறங்கும். அது 100 நானோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றின் வழியாக ரீசெட் காலைத் தட்டும். புதிய நிரலை ஏற்றும்போது கையால் பொத்தானை அழுத்தாமல் இருப்பதற்காகச் செய்த வசதி அது. ரீசெட் ஆனதும் எல்லாப் பின்களும் எந்தப் பக்கமும் இழுக்காமல் அந்தரத்தில் தொங்கும். உள்ளே இருக்கும் பூட்லோடர் என்ற தொடக்க நிரல், புதிய நிரல் வருமா என்று ஒரு நொடி போலக் காத்திருக்கும். அந்த நேரத்தில் என் 8.2 கிலோஓம் இருந்தும் இல்லாததுபோலத்தான். மிச்சம் இருப்பவை 10 கிலோஓமும் 2.2 கிலோஓமும் மட்டும். அவை இரண்டும் தரும் வோல்டேஜ் 6.82.

நான் எழுதிய வரியில் பிழையே இல்லை. அந்த வரி ஓடத் தொடங்குவதற்கு முந்தைய ஒரு நொடியில்தான் எல்லாம் நடந்தது.

அதனால், உங்கள் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்கிறேன். மென்பொருள் இல்லாத நேரத்தில் உங்கள் அவுட்புட் எவ்வளவு இருக்கும்? அதைக் காகிதத்தில் எழுதிய பிறகு சால்டரிங் அயர்னைச் சூடாக்குங்கள்.

ஜனவரி 12

திருத்தம். 10ஆம் தேதி 2.2 முதல் 8.3 வரை என்று எழுதியது தவறு. ஃபில்டரின் 1 கிலோஓமும் 8.2 கிலோஓமோடு தொடராக இருக்கிறது. நான் அதைக் கணக்கில் விட்டுவிட்டேன். மொத்தம் 9.2 கிலோஓம். ஆகவே வரம்பு 2.7 முதல் 8.2 வரை. பழைய நோட்டைப் புரட்டியதில் நான் அன்று அளந்து எழுதியதும் 2.7தான். நினைவிலிருந்து எழுதினால் இப்படித்தான்.

6.82 மட்டும் மாறவில்லை. பின் அந்தரத்தில் இருக்கும்போது அந்த ரெசிஸ்டர்கள் எவ்வளவாக இருந்தால் என்ன.

ஜனவரி 12, பிற்பகல்

ரீசெட் காலுக்கும் தரைக்கும் நடுவே 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போட்டால் டிடிஆர் தட்டுவது நின்றுவிடுமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நின்றுவிடும். நானும் கொஞ்ச நாள் போட்டுப் பார்த்தேன். ஆனால் அது வாசல் கதவை மட்டும் பூட்டுவது. முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது, கேபிளை யாராவது இழுத்துவிடும்போது, நிரல் தானாகத் தொங்கும்போது? கொல்லைக் கதவு திறந்துதானே இருக்கிறது.

ஜனவரி 15

அந்தச் சப்ளையில் இன்னொரு வேடிக்கை. ஊனோவின் பிடபிள்யூஎம் பெரும்பாலான பின்களில் சுமார் 490 ஹெர்ட்ஸ். என் ஃபில்டர் அதை முழுதாக வடிகட்டவில்லை. ஆசிலாஸ்கோப்பை வைத்துப் பார்த்தபோது 3.3 வோல்ட்டின் மேல் ஏறக்குறைய 0.1 வோல்ட் உயரத்துக்கு ரம்பப் பல் மாதிரி ஒரு சிற்றலை. மல்டிமீட்டர் சராசரியைக் காட்டுவதால் அது கண்ணிலேயே படவில்லை. பல நாள் அந்த ரம்பத்தைத்தான் என் சர்க்யூட்டுகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். கெபாசிட்டரை 100 மைக்ரோஃபாரடாக மாற்றினால் சிற்றலை பத்தில் ஒன்றாகும். ஆனால் சொன்ன வோல்டேஜுக்கு வந்து நிற்க அரை நொடி ஆகும். இதற்குப் பதிலாக எம்சிபி4725 என்ற 12 பிட் டேக் சிப்பை (எண்ணை வோல்டேஜாக மாற்றுவது) வைத்தால் சிற்றலை பிரச்சினையே இல்லை. 4096 படி, ஐ2சி என்ற முறையில் பேச இரண்டு கம்பி. அதற்குத்தான் மாறினேன்.

ஜனவரி 15, இரவு

அதிலும் ஒரு கதை உண்டு. எம்சிபி4725க்குள் சிறிய ஈஈப்ராம், அதாவது மின்சாரம் போனாலும் மறக்காத நினைவகம், இருக்கிறது. மின்சாரம் வந்ததும் அதில் உள்ள மதிப்பைத்தான் சிப் வெளியிடும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதில் பூஜ்ஜியம் இருக்கும் என்று யாரும் நினைப்போம். இருப்பது நடு மதிப்பு. புதுச் சிப்பைப் பொருத்தி, கணினியை இணைக்காமலே சப்ளையை ஆன் செய்தால் டேக் 2.5 வோல்ட் தரும். நல்ல வேளையாக அன்று சுமை எதுவும் மாட்டியிருக்கவில்லை. என்ன செய்தாலும் முதலில் மீட்டரை மட்டும் மாட்டும் பழக்கம் அதற்குள் வந்துவிட்டது.

இந்தச் சர்க்யூட்டில் டேக் ஏறினால் அவுட்புட் இறங்கும், ஆகவே உச்ச மதிப்பான 4095ஐ ஒரே ஒரு முறை ஈஈப்ராமில் எழுதிவிடுங்கள். ஒரே ஒரு முறை. சிலர் வோல்டேஜை மாற்றும் ஒவ்வொரு கட்டளையிலும் ஈஈப்ராமிலும் எழுதச் சொல்லிவிடுகிறார்கள். ஈஈப்ராமின் ஆயுள் பத்து லட்சம் முறை என்கிறார்கள். நொடிக்கு 10 தடவை எழுதினால் 28 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். இரவு பகலாக ஓடும் சோதனை என்றால் மறுநாள் மாலைக்குள்.

ஜனவரி 19

"இவ்வளவு பாடு எதற்கு, கணினி இணைப்பு உள்ள சப்ளை ஒன்றை வாங்கிவிட்டால் ஆயிற்று" என்று எழுதியிருக்கிறார் ஒருவர். நியாயம். என் மேசையில் அப்படி ஒன்றும் இருக்கிறது.

இந்தச் சாதனங்கள் பேசும் மொழி எஸ்சிபிஐ. ஸ்கிப்பி என்று உச்சரிப்பார்கள். 1990இல் வந்தது. அதற்கு அடியில் இருப்பது 1975இல் தரமாக்கப்பட்ட ஐஈஈஈ 488, அதற்கும் முன்னால் ஹியூலெட்-பேக்கர்ட் தன் அளவுக் கருவிகளுக்காக உருவாக்கிய ஹெச்பி-ஐபி. அந்தத் தடிமனான 24 கால் கனெக்டரைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. இன்று யுஎஸ்பி வழியாகப் போனாலும் சொற்கள் அதே பழைய சொற்கள்தான். நட்சத்திரக் குறி, ஐ-டி-என், கேள்விக்குறி என்று அனுப்பினால் சாதனம் தன் தயாரிப்பாளர், மாடல், வரிசை எண், உள் மென்பொருளின் பதிப்பு ஆகிய நான்கையும் காற்புள்ளி இட்டுச் சொல்லும். வோல்ட் 5 என்றால் 5 வோல்ட். மனிதர் வாசிக்கக்கூடிய மொழி. அதுதான் அதன் அழகு, அதுவே வம்பும்கூட.

வோல்ட் கேள்விக்குறி என்று கேட்டால் நீங்கள் என்ன வைக்கச் சொன்னீர்களோ அதைத் திருப்பிச் சொல்லும். உண்மையில் அவுட்புட்டில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் முன்னால் மெஷர் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். நான் முன்னதைக் கேட்டு மூன்று மணி நேரம் பதிவு எடுத்தேன். வரைபடத்தில் ஒரு மில்லிவோல்ட்கூட அசையாத நேர்கோடு. என்ன அருமையான சப்ளை என்று பக்கத்தில் இருந்தவரிடம் பெருமையடித்தும் முடித்துவிட்டேன். அவர் என் நிரலைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சப்ளையின் அவுட்புட் கம்பியைக் கழற்றினார், பிறகு அவுட்புட் பொத்தானையே அணைத்தார். நேர்கோடு நேர்கோடாகவே போய்க்கொண்டிருந்தது.

ஜனவரி 20

நேற்று எழுதியதன் தொடர்ச்சி. எல்லாச் சாதனமும் ஸ்கிப்பியை ஒழுங்காகப் பேசுவதில்லை. நான் முன்பு வைத்திருந்த மலிவான ஒன்று, கட்டளை முடிந்தது என்பதற்கு வரி முடிவுக் குறியை எதிர்பார்க்காது. கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை என்றால் அதுவே முடிவு என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு கட்டளைகளை அடுத்தடுத்து அனுப்பினால் இரண்டையும் ஒன்றாக ஒட்டிப் படித்துவிட்டு, புரியாமல், பேசாமல் இருந்துவிடும். பிழை என்றுகூடச் சொல்லாது. இடையே 50 மில்லி நொடி நிறுத்தியதும் சாதுவாகிவிட்டது. தொழிற்சாலைக் கருவிகள் பேசும் மோட்பஸ் ஆர்டியூவிலும் மௌனம்தான் முற்றுப்புள்ளி, ஆனால் அங்கே எவ்வளவு நேரம் மௌனம் என்பதை மூன்றரை எழுத்து அளவு என்று எழுதிவைத்திருக்கிறார்கள்; பிழை கண்டுபிடிக்க சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்ணும் இருக்கிறது. எழுதிவைத்த மௌனம் வேறு, நாமே ஊகிக்க வேண்டிய மௌனம் வேறு.

தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடும் மொழி அமைப்புள்ள கணினியில் உங்கள் நிரல் ஓடினால் 3.3 என்பது 3,3 ஆகிப் போகும். சாதனம் அதை 3 என்று எடுத்துக்கொள்ளலாம், ஒதுக்கித் தள்ளலாம், 33 என்றும் படிக்கலாம். எண்ணை எழுத்தாக்கும் இடத்தில் மொழி அமைப்பைக் கட்டாயமாகக் குறிப்பிடுங்கள். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஜனவரி 24

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். வோல்டேஜை ஏற்றினால் உடனே ஏறுகிறது, இறக்கினால் மெதுவாக இறங்குகிறது, மென்பொருளில் எங்கே தாமதம் என்று தேடிக்கொண்டிருக்கிறாராம்.

மென்பொருளை விடுங்கள். அவுட்புட்டில் கெபாசிட்டர் இருக்கிறதல்லவா? இந்த வகை சப்ளைக்கு மின்னோட்டத்தைத் தள்ளத்தான் தெரியும், உறிஞ்சத் தெரியாது. ஏற்றும்போது அது நிரப்புகிறது. இறக்கும்போது அது கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. சுமைதான் கெபாசிட்டரைக் காலி செய்ய வேண்டும். 470 மைக்ரோஃபாரடும் 4.7 கிலோஓம் சுமையும் இருந்தால் 8 வோல்ட்டிலிருந்து 3.3க்கு வர ஒன்றரை, இரண்டு நொடி ஆகும். அதற்குள் உங்கள் நிரல் "3.3 வைத்தாயிற்று" என்று நம்பி அடுத்த வேலைக்குப் போயிருக்கும். அந்த அடுத்த வேலை சென்சாருக்கு ரிலேயை ஆன் செய்வது என்றால்... என் இரண்டு சென்சார்களின் வரிசையில் மூன்றாவதுக்கு இடம் இருக்கிறது.

வைத்துவிட்டு அளந்து பாருங்கள், எல்லைக்குள் வந்த பிறகு நகருங்கள். நிலையான தாமதம் போடாதீர்கள், சுமை மாறினால் அதுவும் மாறும். விலை உயர்ந்த சப்ளைகளில் இறக்குவதற்கென்றே உள்ளே ஒரு டிரான்சிஸ்டர் சுமையை வைத்திருப்பார்கள்.

ஜனவரி 24, இரவு

அளந்து பாருங்கள் என்றதும், "அப்படியானால் கணினியே அளந்து, குறைந்தால் ஏற்றி, கூடினால் இறக்கி, ரெகுலேட்டர் வேலையையும் பார்த்துக்கொள்ளலாமே" என்கிறார். முடியாது. ரெகுலேட்டர் சிப் மைக்ரோ நொடிக் கணக்கில் பார்த்துத் திருத்துகிறது. யுஎஸ்பி-சீரியல் வழியில், யுஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் எஃப்டிடிஐ சிப்பின் இயல்பான காத்திருப்பு மட்டுமே 16 மில்லி நொடி. அதை 1 மில்லி நொடிக்குக் குறைத்தாலும் கதை மாறாது. ஒரு சுமை திடீரென்று 1 ஆம்பியர் இழுத்தால், கணினிக்குச் செய்தி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். கணினி எங்கே போக வேண்டும் என்று சொல்லட்டும். ஸ்டியரிங் சிப்பின் கையில் இருக்கட்டும்.

நிதானமான திருத்தம் என்றால் சரி. நீண்ட வயரில் விழும் வோல்டேஜை ஈடுகட்டுவது, சூட்டில் மெதுவாக நகர்வதைச் சரிசெய்வது. 2 மீட்டர் தூரத்துக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுத்தால் போக வர 0.14 ஓம், 3 ஆம்பியரில் 0.4 வோல்ட் வயரிலேயே போய்விடும். ஆனால் அதற்கும், சுமையின் முனையிலேயே வோல்டேஜை அளக்க, ரிமோட் சென்ஸ் என்று தனியாக இரண்டு மெல்லிய கம்பிகள் இழுப்பதுதான் மரியாதையான வழி.

பிப்ரவரி 2

கொஞ்சம் விலகிப் போகிறேன். இந்தக் குறிப்பை நான் எழுதும் கணினியே இந்த வேலையைத்தான் ஓயாமல் செய்துகொண்டிருக்கிறது. உள்ளே உள்ள புராசஸர், தனக்கு இப்போது எத்தனை வோல்ட் வேண்டும் என்று போர்டில் உள்ள ரெகுலேட்டரிடம் தானே கேட்டு வாங்குகிறது. வேலை வந்தால் கூட்டு, ஓய்ந்தால் குறை. மென்பொருளாலும் இதில் கை வைக்க முடிந்தது. 2019 டிசம்பரில் ஆய்வாளர்கள் சிலர் பிளண்டர்வோல்ட் என்ற பெயரில் ஒன்றைக் காட்டினார்கள்: இன்டெல் புராசஸரின் வோல்டேஜை மென்பொருளால் சரியான கணத்தில் கொஞ்சம் குறைத்தால், பூட்டிவைத்த பாதுகாப்புப் பெட்டகத்துக்குள் நடக்கும் கணக்கே தப்பாகிறது, அந்தத் தப்பிலிருந்து ரகசியச் சாவியைக் கறந்துவிடலாம் என்று. பூட்டை உடைக்கவில்லை, பூட்டுக்குள் இருப்பவனைப் பட்டினி போட்டார்கள். பிறகு அந்த வழியை அடைத்துவைக்கும் வசதியை இன்டெல் கொடுத்தது.

போன் சார்ஜரும் அப்படித்தான். யுஎஸ்பி பவர் டெலிவரியில் பிபிஎஸ் என்ற பகுதி இருக்கிறது: 20 மில்லிவோல்ட் படிகளில் வோல்டேஜைக் கேட்டு வாங்கலாம். அதற்கென்று கிடைக்கும் சிறு போர்டு ஒன்றை வைத்து நான் சார்ஜரையே மேசைச் சப்ளையாக ஓட்டிப் பார்த்தேன். ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டேன். சிறிது நேரத்தில் அவுட்புட் போய்விட்டது. பழுது என்று நினைத்தேன். பழுதில்லை. பிபிஎஸ்ஸில் சாதனம் 10 நொடிக்குள் ஒரு தடவையாவது கோரிக்கையைப் புதுப்பிக்க வேண்டும். பேச்சு நின்றால், மறுமுனையில் ஆள் இல்லை என்று சார்ஜர் தொடக்க நிலைக்குப் போய்விடும். நான் இரண்டு சென்சார்களைக் கொடுத்துக் கற்றதை அவர்கள் விதியாகவே எழுதிவைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 9

சரி, நான் இப்போது பயன்படுத்தும் அமைப்பு. எல்எம்2596ஐ விட்டுவிட்டு எல்எம்317 என்ற லீனியர் ரெகுலேட்டருக்கு (மிச்ச வோல்டேஜைச் சூடாக்கித் தள்ளும் வகைக்கு) வந்துவிட்டேன். அதன் அட்ஜஸ்ட் காலில் எவ்வளவு வோல்டேஜ் இருக்கிறதோ அதைவிட 1.25 வோல்ட் கூடுதலாக அவுட்புட் இருக்கும். ஆகவே எம்சிபி4725இன் அவுட்புட்டை எல்எம்358 ஆப்-ஆம்ப் என்ற பெருக்கிச் சிப்பில் மூன்று மடங்காக்கி நேராக அட்ஜஸ்ட் காலில் கொடுத்துவிட்டேன். டேக் பூஜ்ஜியம் என்றால் அவுட்புட் 1.25, டேக் உச்சம் என்றால் 16.25. முன்பு போலத் தலைகீழாக இல்லை. ஆப்-ஆம்ப்பின் உள்ளீட்டிலிருந்து தரைக்கு ஒரு 100 கிலோஓம். டேக் செத்துப்போனாலும் அவுட்புட் கீழேதான் விழும்.

வழக்கமாக அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்ட்டுக்கும் நடுவே போடும் 240 ஓமை இங்கே போடாதீர்கள். போட்டால் 5 மில்லியாம்பியர் ஆப்-ஆம்ப்புக்குள் பாயும். எல்எம்358ஆல் அவ்வளவை இழுத்துக்கொண்டு பூஜ்ஜியத்துக்கு அருகில் போக முடியாது. எல்எம்317க்குத் தேவையான குறைந்தபட்சச் சுமைக்கு அவுட்புட்டிலிருந்து தரைக்குத் தனியாக 330 ஓம், 2 வாட் வைத்தேன்.

குறை இருக்கிறது. உள்ளே 24 வோல்ட், வெளியே 3.3 வோல்ட், 1 ஆம்பியர் என்றால் சுமைக்குப் போவது 3.3 வாட், ஹீட் சிங்க்கில் போவது 20.7 வாட். பவர் சப்ளையை விட இஸ்திரிப் பெட்டி என்ற பெயர்தான் பொருந்தும். எனக்குப் பெரும்பாலும் 100 மில்லியாம்பியருக்கு மேல் தேவைப்படாததால் பொறுத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 11

இன்னொன்றை எழுத மறந்துவிட்டேன். எம்சிபி4725க்குத் தனியாக அளவுகோல் கிடையாது. தனக்கு வரும் மின்சாரத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறது. அதை நான் முதலில் யுஎஸ்பியின் 5 வோல்ட்டில் ஓட்டினேன். அதே கணினியில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகியதும் யுஎஸ்பி 5.02இலிருந்து 4.81க்கு இறங்கியது, என் 3.30 வோல்ட் 3.21 ஆனது. நீட்டி அளக்கும் ரப்பர் பட்டையை வைத்துத் துணி அளந்த கதை. இப்போது டேக்குக்கு ரெஃப்02 என்ற நிலையான 5 வோல்ட் சிப்பிலிருந்து கொடுக்கிறேன்.

தரைக் கம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். யுஎஸ்பியின் தரை கணினியின் தரை. இப்படிச் செய்த இரண்டு சப்ளைகளைத் தொடராக மாட்டி இரட்டிப்பு வோல்டேஜ் எடுக்கலாம் என்று நினைத்து, இரண்டையும் ஒரே கணினியில் செருகினேன். இரண்டாவதன் எதிர்முனை முதலாவதன் நேர்முனையில் இருக்கிறது. இரண்டின் எதிர்முனையும் யுஎஸ்பி வழியாக ஒன்றுதான். அதாவது முதல் சப்ளை யுஎஸ்பி கேபிளுக்குள் ஷார்ட். கேபிளின் கறுப்பு உறை மேசை மேலேயே மென்மையாகி வளைந்ததைக் கண்ணால் பார்த்தேன். அந்த யுஎஸ்பி போர்ட் அதன் பிறகு வேலை செய்யவில்லை. ஏடியூஎம்4160 சிப் உள்ள, தரையை இணைக்காமல் தகவலை மட்டும் கடத்தும் யுஎஸ்பி ஐசொலேட்டர் ஒன்றை நடுவில் மாட்டியிருந்தால் தப்பியிருக்கும். இப்போது மாட்டியிருக்கிறேன்.

பிப்ரவரி 12

9ஆம் தேதிக் குறிப்பில் ஓட்டை இருக்கிறது என்று கேள்வி கேட்டவரே கண்டுபிடித்துவிட்டார். கெட்டிக்காரர். டேக்குக்கு யுஎஸ்பியிலிருந்து மின்சாரம் வந்தவரை, கேபிளைப் பிடுங்கினால் டேக் செத்து அவுட்புட் 1.25க்கு வந்துவிடும். நான் அதை ரெஃப்02க்கு மாற்றிய பிறகு, கேபிளைப் பிடுங்கினாலும் டேக் உயிரோடு கடைசியாகச் சொன்ன மதிப்பையே பிடித்துக்கொண்டு நிற்கும். துல்லியத்துக்காக ஒரு பக்கம் இறுக்கினேன், பாதுகாப்பு மறுபக்கம் கழன்றது. நள்ளிரவில் கணினி தானாகப் புதுப்பிப்பை நிறுவி மறுதொடக்கம் செய்த ஓர் இரவில், காலை வரை 12 வோல்ட் அப்படியே நின்றதன் காரணம் இப்போதுதான் விளங்குகிறது. அன்று கணினியைத்தான் திட்டினேன்.

பிப்ரவரி 16

ரிலே வைத்தேன். அவுட்புட் அதன் வழியாகத்தான் போகும். ஆர்டுயினோவின் ஒரு பின் துடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் துடிப்பு ஒரு கெபாசிட்டர், இரண்டு டையோடு வழியாகப் போய் இன்னொரு சிறிய கெபாசிட்டரை நிரப்பி, டிரான்சிஸ்டரை ஆன் செய்து, ரிலேயைப் பிடித்திருக்கும். பின் மேலே ஒட்டிக்கொண்டாலும் ரிலே விழும், கீழே ஒட்டிக்கொண்டாலும் விழும். துடித்தால் மட்டும் நிற்கும். கணினி நொடிக்கு ஒரு தடவை ஏதாவது பேச வேண்டும். 2 நொடி பேச்சில்லை என்றால் ஆர்டுயினோ துடிப்பை நிறுத்திவிடும்.

முதல் தடவை சோதிக்க ஆர்டுயினோ நிரலில் வேண்டுமென்றே முடிவில்லாத சுழல் ஒன்றைப் போட்டுத் தொங்கவைத்தேன். ரிலே அசையவில்லை. சோம்பல்பட்டுத் துடிப்பை பிடபிள்யூஎம் பின்னில் எடுத்திருந்தேன். நிரல் செத்தாலும் பிடபிள்யூஎம் வன்பொருள் தன்பாட்டில் துடித்துக்கொண்டேதான் இருக்கும். பிணத்துக்கு நாடி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிப்ரவரி 17

துடிப்பை முதன்மைச் சுழலுக்குள் மாற்றியாயிற்று. செய்தியைப் படித்து முடித்த பிறகுதான் பின் மாறும். டைமர் குறுக்கீட்டிலும் வைக்கவில்லை, அதுவும் நிரல் தொங்கினாலும் ஓடும்.

நிரலைத் தொங்கவைத்தேன்: விழுந்தது. கணினி நிரலை மூடினேன்: 2 நொடியில் விழுந்தது. யுஎஸ்பி கேபிளைப் பிடுங்கினேன்: உடனே விழுந்தது. சீரியல் போர்ட்டை மூடித் திறந்தேன், அதாவது அந்தப் பழைய ரீசெட்டை வேண்டுமென்றே வரவழைத்தேன்: ரிலே விழுந்து, ஒன்றரை நொடி கழித்து, டேக்கைப் பூஜ்ஜியமாக்கிய பிறகு எழுந்தது. மீட்டரில் 1.25. அதன் பிறகு நிரல் கேட்ட 3.30.

மூன்றாவது சென்சாரை இன்னும் மாட்டவில்லை. அது பெட்டியிலேயே இருக்கிறது. நாளை ஒரு 3.3 வோல்ட் எல்இடியை மாட்டி ஒரு நாள் ஓடவிடலாம் என்றிருக்கிறேன்.